சோளக்கட்டையைக் கொழும்புக்கு ஏற்றலாமா?

கேட்டவர் வெள்ளவத்தையில் தங்கி வேலை செய்யும் ஒரு தம்பி. செட்டிகுளத்துக்கு அருகே அவருடைய குடும்பத்துக்குக் காணி இருக்கிறது. இந்தப் பெரும்போகத்தில் சோளம் போட்டு 20 தொன் மணி எடுத்திருக்கிறார்கள். மணி உதிர்த்த கட்டை வரப்போரம் குவிந்து கிடக்கிறது. வழக்கம்போல் தீ வைக்கப்போகிறார் அப்பா. சோளக்கட்டையிலிருந்து இரசாயனம் எடுக்கிறார்கள், இனிப்பு எடுக்கிறார்கள் என்று எங்கோ படித்த மகன் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "கொழும்பில் இதை யார் வாங்குவார்கள்? தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் இது எதற்கெல்லாம் உதவும்?" என்று கேட்கிறார்.

கொழும்புக்கு வெளியே ஒரு கோழித்தீவன ஆலையில் பல வருடம் தரப் பரிசோதனை செய்தவன் நான். சோள மணியோடு பழகியது அதிகம். கட்டையோடு பழகியது ஆசையால். அந்த உரிமையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தம்பி, கட்டையைக் கட்டையாக லொறியில் ஏற்றாதீர்கள்.

காரணம் எடைக்கணக்கு. காய்ந்த பொத்தியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கட்டை. அமெரிக்காவில் பழைய நாளில் 70 இறாத்தல் பொத்தியை உதிர்த்தால் 56 இறாத்தல் மணி என்று கணக்கு வைத்து வாங்கினார்கள். மிச்சம் 14 இறாத்தல் கட்டை. இப்போதைய கலப்பினங்களில் கட்டை கொஞ்சம் மெலிந்துவிட்டது. உங்கள் 20 தொன் மணிக்கு 3 முதல் 4 தொன் கட்டை இருக்கும். கேட்க நிறையத்தான். ஆனால் முழுக்கட்டையைக் கொட்டினால் ஒரு கன மீற்றரில் 200 கிலோ நிற்பதே கஷ்டம். மணி அதே இடத்தில் 700 கிலோவுக்கு மேல் நிற்கும். மணியை ஏற்றும் லொறியில் கட்டையை ஏற்றினால் கூடு நிரம்பிவிடும், சில்லு அமுங்காது. சுமார் 250 கிலோமீற்றர் தூரத்துக்கு நீங்கள் பெரும்பாலும் காற்றுக்குத்தான் வாடகை கொடுப்பீர்கள். கட்டையைப் பற்றிய எந்த யோசனையையும் இந்த வீதியை வைத்து அளந்து பாருங்கள். நானும் அப்படியே அளந்துதான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் சொற்களில் ஒரு எச்சரிக்கை. இந்தியத் தமிழ்க் கட்டுரைகளில் "சோளம்" என்று எழுதினால் அது நம்முடைய இறுங்கு. நாம் சோளம் என்பதை அவர்கள் மக்காச்சோளம் என்பார்கள். "சோளத்தட்டை" என்று அவர்கள் எழுதும் மாட்டுத் தீவனக் குறிப்பைப் படித்துவிட்டு அதன் அளவுகளை நம்முடைய கட்டைக்குப் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். தட்டை என்பது காய்ந்த தண்டு. அது வேறு, கட்டை வேறு.

இனிக் கட்டையைக் கையில் எடுங்கள். குறுக்கே உடைத்தால் மூன்று அடுக்குத் தெரியும். நடுவில் நகம் பதியும் மென்மையான வெண்சோறு. அதைச் சுற்றி மரம்போல் கடினமான ஒரு வளையம். வெளியே மணி இருந்த குழிகளும் உமிபோன்ற செதில்களும். சோறும் செதிலும் நீரை உறிஞ்சும். வளையம் தேய்ப்பதற்கு ஆகும். எரிப்பதென்றால் மூன்றும் எரியும். தொழிற்சாலைகள் இந்த மூன்றையும் பிரித்துத்தான் காசு பார்க்கின்றன. நாம் ஒன்றாகத் தீ வைக்கிறோம்.

நீங்கள் படித்த இரசாயனத்தின் பெயர் ஃபர்ஃபியூரல். 1832இல் ஜெர்மனியின் டோபரைனர் ஃபோர்மிக் அமிலம் தயாரிக்கும்போது தற்செயலாக இதில் சிறிதளவைக் கண்டார். 1840இல் ஸ்கொட்லாந்தின் ஸ்டென்ஹவுஸ், தவிடு, மரத்தூள் போன்ற பயிர்ப் பொருட்களைச் சல்பூரிக் அமிலத்தோடு காய்ச்சினால் இந்த எண்ணெய் வருகிறது என்று காட்டினார். லத்தீனில் தவிட்டுக்குப் பெயர் ஃபர்ஃபர். அதிலிருந்து வந்த பெயர் இது. கட்டையில் சைலான் என்ற ஒருவகை நார்ப்பொருள் நிறைய உண்டு. அமிலமும் நீராவியும் சேர்ந்து அதைச் சைலோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சர்க்கரை மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபியூரலாகி நீராவியோடு வெளியே வருகிறது. வாதுமை மணம். வடித்தவுடன் நிறமற்றது, காற்றுப் பட்டால் பழுப்பாகிப் பிறகு கறுத்துவிடும். உராய்வு நீக்கி எண்ணெயைச் சுத்திகரிக்கவும், உலோக வார்ப்புப் பட்டறைகளில் மணல் அச்சைக் கட்டும் பிசினுக்கும் இதுதான் மூலம். ஒரு காலத்தில் நைலோனுக்கான மூலப்பொருளையும் இதிலிருந்து எடுத்தார்கள்.

ஆனால் இதைப் பெரிய அளவில் முதலில் செய்தவர் யார் என்று பாருங்கள். 1922இல் அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், அயோவா மாநிலத்தின் சீடர் ரப்பிட்ஸ் நகரில். ஓட்ஸ் குத்திய உமி அவர்கள் ஆலை முற்றத்திலேயே மலையாகக் கிடந்தது. அதை என்ன செய்வது என்ற தலைவலிதான் அந்தத் தொழிலைப் பிறப்பித்தது. இன்று உலகில் அதிகம் தயாரிப்பது சீனா, அங்கே மூலப்பொருள் சோளக்கட்டை. டொமினிக்கன் குடியரசில் கரும்புச் சக்கையிலிருந்து எடுக்கிறார்கள், அதுவும் சீனி ஆலையை ஒட்டியே. கழிவு குவிந்த இடத்துக்கு ஆலை போயிருக்கிறது. ஏறத்தாழ 10 தொன் கட்டைக்கு 1 தொன் ஃபர்ஃபியூரல் கிடைக்கும் என்று வையுங்கள். உங்கள் முழுக் குவியலும் இரண்டு பீப்பாய்க்கு வரும். அதற்கு அமிலம் தாங்கும் உலைகள், கொதிகலன், அமிலக் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு எல்லாம் வேண்டும். இந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சைலிட்டோல் என்ற இனிப்பும் அதே சைலோஸின் தம்பிதான். சர்க்கரையை ஃபர்ஃபியூரலாக விடாமல் பிடித்து, சுத்தப்படுத்தி, நிக்கல் ஊக்கியோடு ஐதரசனை ஏற்றினால் சைலிட்டோல். 1970களில் பின்லாந்தில் பேர்ச் மரத்திலிருந்து பெரிய அளவில் எடுத்தார்கள். இன்று சீனாவில் கட்டையிலிருந்து. சீனியில்லாத சூயிங்கத்தில் இருப்பது அது. வீட்டில் நாய் இருந்தால் அந்தப் பக்கெட்டை எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்க்கு அது நஞ்சு. எதனோலும் இதே கதைதான். அயோவாவின் எம்மெட்ஸ்பேர்க்கில் கட்டையும் சருகும் கொண்டு எதனோல் வடிக்கும் பெரிய ஆலையை 2014இல் திறந்தார்கள், 2019இல் நிறுத்தினார்கள். சோளக்கடலுக்கு நடுவிலேயே அந்தப் பாடு.

சரி, கொழும்புக்குக் கட்டை வருவதே இல்லையா என்றால், வருகிறது. கப்பலில் வருகிறது.

கோழித்தீவனத்தில் கோலின் குளோரைட்டு என்று ஒரு சத்து சேர்ப்பார்கள். அது இயல்பில் ஈரத்தைக் குடித்துக் கரைந்துபோகும் பொருள். திரவமாகவே கையாள வேண்டியது. அதைத் தூளாக விற்க, அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு சுமப்பான் வேண்டும். சந்தையில் புழங்கும் 60 சதவீதத் தூளில் பெரும்பாலும் அந்தச் சுமப்பான் சோளக்கட்டைத் தூள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு சீன மூட்டையைப் பிரித்தபோது மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. கையில் அள்ளினால் பழுப்புத் தூள், சற்றுப் பிசுபிசுப்பு. ஒரு சிட்டிகையை வெள்ளைத் தட்டில் போட்டுச் சுடுநீர் ஊற்றினேன். சத்து கரைந்து போனது. அடியில் சிறு செதில்களும், கடித்துப் பார்த்தால் மரம்போல் பல்லில் நிற்கும் துகள்களும் தங்கின. பூதக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அந்த வாரம்தான் அனுராதபுரத்தில் ஒரு சோளக் களத்தில் இதே பொருள் எரிந்து புகைவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்தத் தூளில் 60 சதவீதச் சத்தும் கொஞ்சம் ஈரமும் போக மிச்சத்துக்கு நாம் கட்டையைத்தான் டொலர் கொடுத்து வாங்குகிறோம்.

இதைச் சொன்னால் உடனே "நாமே அரைத்துக் கொடுக்கலாமே" என்பீர்கள். கொடுக்கலாம், விற்றமின் கலவை செய்பவர்களுக்கும் சுமப்பான் தேவை. ஆனால் அவர்கள் கேட்பது வெறும் தூள் அன்று. ஈரப்பதன் குறைவாக, துகள் ஒரே அளவாக, பூஞ்சண நஞ்சு இல்லாததாக, ஒவ்வொரு முறையும் அப்படியே. மழையில் ஒருநாள் நனைந்த குவியல் இந்தப் பரீட்சையில் தேறாது.

அரைத்த கட்டைக்குக் கொழும்பில் நான் நேரில் கண்ட இன்னொரு வாசல் செட்டியார் தெரு. நகையை உருளும் பீப்பாயில் போட்டு மெருகேற்றும்போது கடைசிச் சுற்றில் ஈரமில்லாத மென்மையான துருவல் வேண்டும். வால்நட் ஓடு அல்லது சோளக்கட்டை. கட்டையின் மரவளையம் உலோகத்தைக் கீறாமல் எண்ணெயையும் நீர்த்தடத்தையும் எடுத்துக்கொள்ளும். அதே காரணத்துக்காக இயந்திர உதிரிப்பாகங்களைத் துடைக்கவும், பழைய மரத்தளத்தை மணல் இல்லாமல் ஊதிச் சுத்தம் செய்யவும் வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நான் ஒருமுறை வீட்டு அரைவை இயந்திரத்தில் அரைத்து, மாவரியில் அரித்து, அரைக் கிலோவைத் தெரிந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். வளையத்தைத் தனியே பிரிக்கவில்லை. சோற்றுத் தூசியும் செதிலும் தோட்டின் கம்பி வேலைப்பாட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டன. அந்தப் பட்டறைக்காரர் பல் துலக்கும் தூரிகையோடு மாலைவரை உட்கார்ந்திருந்தார். முறை என்னவென்றால், சம்மட்டி ஆலையில் உடைத்துக் காற்றில் தூற்ற வேண்டும். செதிலும் சோறும் பறந்துவிடும். வளையத் துகள் கனமாகக் கீழே விழும். நெல் தூற்றத் தெரிந்தவருக்கு இது புரியாத கலை இல்லை. பிறகு அளவு வாரியாகச் சல்லடை. ஆனால் முழுத் தெருவும் சேர்ந்து வாங்கினாலும் உங்கள் நான்கு தொன்னுக்குப் போதாது. இதைக் கைச்செலவுக்கான வருமானமாக எண்ணுங்கள். அதோடு இது மூட்டையில் அடங்கும் பொருள். பஸ்ஸில் ஏற்றலாம், வீதி கடிக்காது.

கட்டையில் புகைக்குழாய் செய்வதையும் படித்திருப்பீர்கள். மிசூரி மாநிலத்தில் வொஷிங்டன் என்ற சிற்றூரில் 1869இலிருந்து நடக்கும் தொழில் அது. இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் மக்கார்தரின் படங்களில் வாயில் இருக்கும் குழாய் அந்த வகை. அதற்கென்றே தடித்த கட்டை தரும் இனத்தை வளர்த்து, இரண்டு வருடம் உலரவைத்துக் கடைகிறார்கள். தீவனச் சோளத்தின் கட்டை அதற்கு மெலிவு.

இனி ஊருக்கு வாருங்கள். வீதி நம் பக்கம் நிற்பது அங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது காளான். இலங்கையில் காளான் பை என்றால் இறப்பர் மரத்தூள்தான். 10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ அரிசித் தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் பயற்றம் மா அல்லது சோயா மா, 20 கிராம் எப்சம் உப்பு. இது எல்லோரும் அறிந்த கலவை. ஆனால் இறப்பர் வளர்வது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம். வவுனியாவில் காளான் போடுபவர் மரத்தூளுக்கு லொறி வாடகை கொடுக்கிறார். கொழும்புக்குக் கட்டையை ஏற்றும்போது உங்களை அழுத்திய அதே தூரம், இங்கே உங்கள் குவியலுக்கு வேலியாக நிற்கிறது.

கட்டையைச் சோள மணி அளவுக்கு உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, வடியவிட்டு, மரத்தூளுக்குப் பாதிக்குப் பாதி கலந்து தொடங்குங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் துளி அரும்ப வேண்டும், ஒழுகக்கூடாது. கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். உடைத்த துண்டின் உள்ளே உலர்ந்த சோறு இருந்தால் ஆவி உள்ளே போகாது, பிறகு பச்சைப் பூஞ்சணம் அங்கிருந்துதான் கிளம்பும். கட்டையில் மிச்சமிருக்கும் சர்க்கரை காளானுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அந்தப் பூஞ்சணத்துக்கும் பிடிக்கும். ஆகவே பைகளைப் பீப்பாயில் ஆவியில் வைக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வவுனியா வெயிலுக்குச் சிப்பிக்காளானை மட்டும் நம்பாமல் பால்காளானையும் பாருங்கள், அது 30 பாகைக்கு மேலும் தாங்கும். காளான் எடுத்து முடிந்த பை நேரே கூட்டெருக் குழிக்குப் போகட்டும். பச்சைக் கட்டையை அப்படியே குழியில் போட்டால் காபன் கூடி நைதரசன் குறைந்து வருடக்கணக்கில் கிடக்கும். காளான் தின்று விட்ட கட்டை சீக்கிரம் மக்கும்.

மாட்டுக்குக் கொடுக்கலாமா என்றால், வயிற்றை நிரப்பும், பாலைக் கூட்டாது. புரதம் 3 சதவீத அளவுதான். வைக்கோலுக்குச் செய்வதுபோல் யூரியா பதப்படுத்தலாம்: 100 கிலோ உலர்ந்த, உடைத்த கட்டைக்கு 4 கிலோ யூரியாவை 50 லீற்றர் நீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம். திறந்து அமோனியா வாடை போகும்வரை ஆறவிட்டுப் பிறகு மற்றத் தீனோடு கலந்து கொடுங்கள். கன்றுக்கு வேண்டாம். கரையாத யூரியாக் கட்டி மாட்டைக் கொல்லும். முழுக்கட்டை தொண்டையில் சிக்கும். இவை இரண்டையும் விடப் பெரிய பயம் கறுத்த, பச்சை படர்ந்த கட்டை. பூஞ்சணம் விடும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு மாட்டின் வழியாகப் பாலில் வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. மணம் பார்த்துச் சந்தேகமென்றால் அடுப்புக்குப் போடுங்கள்.

கோழிக்கூட்டில் உமிக்குப் பதிலாக விரிக்கலாம். சிறிதாக உடைத்தால் நன்றாக ஈரம் குடிக்கும். பெரிதாக விட்டால் அடியில் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். எச்சம் கலந்த அந்த விரிப்பு, கூட்டெருவுக்குக் குறைந்த நைதரசனைத் தானே கொண்டுவந்து சேர்க்கும். ஆய்வுகூட எலிகளுக்கும் கட்டைத் துருவலை விரிப்பதுண்டு. கட்டையிலுள்ள சில சேர்மங்கள் அவற்றின் இனப்பெருக்கத்தைக் குழப்புவதை ஆய்வாளர்கள் கண்டபிறகு அங்கே யோசித்துத்தான் விரிக்கிறார்கள்.

எரிபொருளைப் பற்றிக் கொழும்புக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் கொட்டாஞ்சேனை வீட்டின் பின்கட்டில் மூன்று கல் வைத்து நான் எரித்தது, ஊரிலிருந்து வந்த இரண்டு சாக்குக் கட்டை. காய்ந்த கட்டை விறகுக்குச் சமம், கிலோவுக்கு 17, 18 மெகாயூல். காகிதமே வேண்டாம், ஒரு தீக்குச்சியில் பிடிக்கும். ஆனால் சடசடவென்று எரிந்து முடிந்துவிடும், தணல் தங்காது. தேநீருக்கும் ரொட்டிக்கும் நல்லது. சோறு கொதிக்க அடுப்படியிலேயே குந்தியிருந்து தள்ள வேண்டும். 12.5 கிலோ சிலிண்டரின் வெப்பத்தைக் கணக்கில் 33 கிலோ கட்டை தரும். திறந்த அடுப்பில் பெரும்பகுதி சுவருக்கும் வானத்துக்கும் போவதால் 100 கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கும். காற்று கீழிருந்து வரும் அடுப்பு இருந்தால் நிலைமை மாறும். களத்திலேயே அடுத்த போகத்தின் மணியை உலர்த்தும் சூட்டுக்கு இந்தக் கட்டையைவிட மலிவான எரிபொருள் உங்களுக்குக் கிடையாது. அமெரிக்காவில் விதைச்சோள நிறுவனங்களே விதையை உலர்த்தக் கட்டையை எரித்திருக்கின்றன.

எரித்தே தீருவேன் என்று அப்பா நின்றால் கரியாக எரிக்கச் சொல்லுங்கள். இடுப்பளவில் கூம்புக் குழி வெட்டி, அடியில் தீ மூட்டி, மேல் அடுக்கு வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட்டு, குழி நிறைந்ததும் நீர் ஊற்றி அணைக்கலாம். சுவாலை மேலே இருப்பதால் புகை குறைவு. அந்தக் கரியை எருவில் ஊறவைத்து மண்ணில் இடுங்கள். வெறுமனே இட்டால் முதலில் அதுவே நைதரசனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம். செயலூட்டிய கரி செய்பவர்களுக்கு இந்த நாட்டில் சிரட்டை இருக்கிறது. சிரட்டைக் கரியின் முன் கட்டைக்கரி பஞ்சு.

ஹபரணை வீதியோரத்தில் அவித்த சோளம் விற்கும் கடைகளில் சேரும் கட்டையை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஈரமும் உப்பும் இனிப்புமான பிஞ்சுக் கட்டை. இரண்டு நாளில் புளிக்கும். கூட்டெருவுக்கு மட்டும்.

எதைச் செய்தாலும் முதல் வேலை உதிர்க்கும் இயந்திரம் வரும் நாளில்தான். மணி காய்ந்துவிட்டது என்பதற்காகக் கட்டையும் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், மணியைவிட அதில் ஈரம் அதிகம். இயந்திரம் கட்டையைத் துப்பும் வாய்க்கு நேரே ஒரு படங்கை விரித்து வையுங்கள். மண் படாமல் விழட்டும். அன்றே பரப்பி நான்கைந்து வெயில் காட்டி, நடுவே உடைத்தால் சோறு பொடியாக உதிரும்வரை காயவிட்டு, கூரைக்குக் கீழே பலகை மேல் உரப்பையில் அடுக்குங்கள். ஒரு பையை மட்டும் கொழும்பு பஸ்ஸில் போட்டு விடுங்கள். இந்த முறை தூற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோகப்போகிறேன்.